ஸ்ரீரங்கத்து வீதிக்கு எந்த மோட்டார் சைக்கிள்?

சித்திரை வீதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வசிக்கும் இளைஞர் ஒருவர், அண்மையில் இரண்டு விளம்பரத் தாள்களுடன் வந்தார். துவாக்குடியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்து ஆறு மாதங்கள் ஆகின்றன. தவணை முறையில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்க முடிவு செய்திருக்கிறார். ஒரு தாளில் பந்தயக் களத்திலிருந்து நேரே இறங்கி வந்ததைப் போன்ற 'ஸ்போர்ட்ஸ்' வாகனம். மற்றொன்றில் 'ஸ்போர்ட் டூரர்' என்று அழைக்கப்படும், நெடுந்தொலைவுப் பயணத்துக்கென வடிவமைக்கப்பட்ட வாகனம். அவருடைய மனம் முதல் தாளில் இருந்தது. அவருடைய தாயாரோ, 'வெள்ளிக்கிழமை என்னைத் திருவானைக்காவலுக்கு அழைத்துப் போகிற வண்டி எதுவோ அதை வாங்கட்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இது ஒரு வீட்டுச் சிக்கல் மட்டுமன்று. திருச்சியில் திருவெறும்பூர், துவாக்குடி பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் சென்று திரும்புவோர் பல்லாயிரம் பேர். அவர்களுள் இளையவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைகளுக்கு இடையேதான் தடுமாறுகிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். தேர்வு என்பது தோற்றத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த எண்ணே போதும்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பியரும் ஜப்பானியரும் பந்தய வண்டிகளைச் சாலைக்குக் கொண்டுவந்த கதை நீண்டது. 1976இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 'ஆர் 100 ஆர்.எஸ்.' என்ற வண்டியை வெளியிட்டது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய முழு முன்மூடியுடன் பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் வண்டிகளில் ஒன்று அது. நாள் முழுவதும் வேகமாகச் சென்றாலும் ஓட்டுநர் களைத்துப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஸ்போர்ட் டூரர் என்ற வகைக்கு அதையே முன்னோடியாகக் கருதுவோர் உண்டு. 1985இல் சுசூகி வெளியிட்ட 'ஜி.எஸ்.எக்ஸ்.-ஆர் 750' இதற்கு நேர் எதிரான எண்ணத்தில் பிறந்தது. பந்தய வண்டியில் சாலைக்குத் தேவையான விளக்குகளையும் எண் பலகையையும் பொருத்தினால் போதும் என்பது அதன் தத்துவம். இந்தியாவில் 2003இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஷ்மா முதல் வகையின் சாயலையும், 2008இல் வந்த யமஹா ஆர் 15 இரண்டாம் வகையின் சாயலையும் கொண்டிருந்தன. ஒசூரில் தயாராகும் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310, 2017 டிசம்பரில் சந்தைக்கு வந்தபோது, முழுப் பந்தயத் தோற்றம் கொண்ட வண்டி தமிழ்நாட்டிலேயே உருவாகிறது என்ற பெருமிதம் இளைஞர்களிடம் இருந்தது. அந்தப் பெருமிதம் நியாயமானதே.

தோற்றத்தை விலக்கிவிட்டுப் பார்த்தால் வேறுபாடு மூன்று புள்ளிகளில் அடங்குகிறது: கைகள் எங்கே இருக்கின்றன, இருக்கை எப்படி இருக்கிறது, கால்கள் எங்கே மிதிக்கின்றன. ஸ்போர்ட்ஸ் வண்டியில் கைப்பிடி தாழ்ந்து, முன்பக்க ஃபோர்க்கோடு ஒட்டியிருக்கும். கால்மிதிகள் பின்னோக்கி உயர்ந்திருக்கும். ஆகவே உடல் முன்னே சாய்ந்து, பெட்ரோல் டேங்க்கின் மீது கவிழ்ந்தாற்போல் அமைகிறது. டூரரில் கைப்பிடி உயர்ந்தும், கால்மிதி சற்று முன்னேயும், இருக்கை அகன்றும் இருக்கும். முதுகு ஏறக்குறைய நிமிர்ந்திருக்கும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பந்தய அமர்வு தன்னளவில் தவறான அமர்வு அல்ல. அது வேறொரு வேகத்துக்கு உரியது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் செல்லும்போது எதிர்க்காற்று ஓட்டுநரின் மார்பில் மோதி, முன்னே சாய்ந்த உடலின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. மணிக்கட்டுக்கு அப்போது வேலை குறைவு. அதே அமர்வில் மணிக்கு 20 கிலோமீட்டரில் சென்றால் தாங்குவதற்குக் காற்று இல்லை. தலை, தோள், மார்பு ஆகியவற்றின் எடை முழுவதும் உள்ளங்கை வழியாகக் கைப்பிடியில் இறங்குகிறது. அந்த நிலையில் கிளட்ச்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தால், உள்ளங்கையின் நரம்புகள் அழுத்தப்பட்டு விரல்கள் மரத்துப்போகின்றன. கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டியிருப்பதால் பிடரியில் வலி. ஆக, வண்டி மெதுவாகப் போகப்போக உடல் அதிகம் வருந்துகிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடிக்குச் செல்பவரின் வழியை இனி நினைத்துப் பாருங்கள். ராஜகோபுரத்தைக் கடந்து, மாம்பழச்சாலை சந்திப்பில் நின்று, காவிரிப் பாலம் ஏறி, சிந்தாமணி, மெயின்கார்டுகேட், பாலக்கரை வழியாகத் தஞ்சாவூர் சாலையைப் பிடிக்க வேண்டும். காலை நேரத்தில் அரியமங்கலத்தை அடையும்வரை மூன்றாவது கியருக்கு மேல் போடுவதற்கு வாய்ப்புகள் மிகக் குறைவு. மாற்று வழி ஒன்று உண்டு. திருவானைக்காவல் பக்கம் சென்று சென்னை புறவழிச்சாலையில் ஏறி, சஞ்சீவி நகர் வழியாகத் தஞ்சாவூர் சாலையை அடையலாம். நகர நெரிசல் குறையும். ஆனால் லாரிகளும் பேருந்துகளும் விரையும் நெடுஞ்சாலை அது. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்பது இப்பகுதி மக்களின் பல்லாண்டுக் கோரிக்கை. உள்ளூர் இருசக்கர வாகனமும் தொலைதூரப் பேருந்தும் ஒரே தடத்தில் செல்ல நேர்வதன் ஆபத்தை அவர்கள் நேரில் கண்டவர்கள். (அணுகுசாலை வந்திருந்தால் இக்கட்டுரையில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது என்று நினைப்பதுண்டு.)

இந்த வழியில், பந்தய அமர்வு பயன்படும் வேகத்தைச் சட்டப்படியும் அறிவின்படியும் எட்டக்கூடிய இடம் என்று எதையும் என்னால் சுட்ட முடியவில்லை.

எந்திரத்தின் இயல்பும் இதையே சொல்கிறது. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது குதிரைத்திறன். சிறிய எழுத்தில் வருவது முறுக்குவிசை. அன்றாடப் பயணத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம்; அதிலும் அது எத்தனை சுழற்சியில் கிடைக்கிறது என்பது இன்னும் முக்கியம். இன்றைய ஆர் 15 வண்டியின் 155 சி.சி. எந்திரம் 18.4 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 10,000 சுழற்சியில் தருகிறது. அத்தனை உயரத்துக்கு எந்திரத்தை விரட்டினால்தான் வாங்கிய பணத்துக்கான பலன். பாலக்கரையில் யார் விரட்டுவது? அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கே.டி.எம். ஆர்.சி. 390, பஜாஜ் டோமினார் 400 ஆகிய இரண்டும். இரண்டுக்கும் வேர் ஒரே 373 சி.சி. எந்திரம்தான். ஸ்போர்ட்ஸ் வகையைச் சேர்ந்த ஆர்.சி. 390 இல் அது 43 குதிரைத்திறனுக்கும் மேல் தருமாறு முடுக்கப்பட்டது. டூரர் என்று விற்கப்பட்ட டோமினாரில் 40 குதிரைத்திறனோடு நிறுத்தி, 35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 6,500 சுழற்சியிலேயே கிடைக்கச் செய்தார்கள். ஒரே எந்திரத்தை இரண்டு வாழ்க்கைகளுக்கு ஏற்ப எப்படி மாற்றுகிறார்கள் என்பதை இதில் காணலாம். கியரைக் குறைக்காமலே ஒரு பேருந்தின் பின்னாலிருந்து விலகிச் செல்ல முடிவது டூரரின் வசதி.

ஆனால் டோமினாருக்காக நான் வாதாடவில்லை. அதன் எடை 193 கிலோ. வைகுண்ட ஏகாதசி நாள்களில் ஸ்ரீரங்கத்தில் போக்குவரத்து மாற்றம் செய்யப்படும்போதும், ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் சாலையில் கூட்டம் திரளும்போதும், வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடக்கவோ, எந்திரத்தை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போகவோ வேண்டியிருக்கும். 193 கிலோவைத் தள்ளிக்கொண்டு வீட்டுத் திண்ணையோரம் ஏற்றி நிறுத்தும் வேலை, விளம்பரப் படத்தில் வருவதில்லை. ஆயிரம் சி.சி. அளவுள்ள வெளிநாட்டு டூரர்களைப் பற்றி இந்த இடத்தில் பேசவே வேண்டியதில்லை. அவை சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே அழகானவை. அடையவளைஞ்சான் வீதியில் பாரம்.

திருப்பும் வட்டம் என்ற ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் வண்டியின் தாழ்ந்த கைப்பிடியை ஓர் அளவுக்கு மேல் திருப்பினால் அது முன்மூடியிலோ டேங்க்கிலோ இடிக்கும். நடுவே கட்டைவிரல் சிக்கிக்கொள்வதும் உண்டு. ஆகவே அந்த வண்டிகளில் கைப்பிடி திரும்பும் கோணமே குறைவாக வைக்கப்படுகிறது. உத்திர வீதியின் மூலையில் ஒரு மாட்டையும் ஒரு பூக்கடையையும் தவிர்த்துக்கொண்டு ஒரே மூச்சில் வளைத்துத் திரும்ப அது இடம் தராது. காலை ஊன்றி, முன்னும் பின்னுமாக நகர்த்த வேண்டும். இருக்கையின் உயரம் 815 மில்லிமீட்டர் என்றால், ஐந்தரை அடிக்குக் குறைவானவர்களுக்கு இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் படிவது அரிது.

வெப்பத்தை மறந்துவிட முடியாது. சித்திரை, வைகாசியில் திருச்சியின் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. முழு முன்மூடிக்குள் எந்திரம் அடைபட்டிருக்கும் வண்டியில், நீர்க் குளிர்விப்பு முறை இருந்தாலும், சிக்னலில் நிற்கும்போது விசிறி சுழன்று சூடான காற்றை வெளியே தள்ளும். அது வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலும் தொடையும். ஓடும் வண்டியில் இந்தச் சிக்கல் இல்லை, நிற்கும் வண்டியில்தான். முழு மூடி கொண்ட டூரர்களுக்கும் இது ஓரளவு பொருந்தும் என்பதை மறைக்கக் கூடாது. பாதி மூடி மட்டும் கொண்ட வண்டிகள் இதில் மேல்.

காற்று என்றதும் ஆடி மாதம் நினைவுக்கு வருகிறது. மேற்கிலிருந்து வீசும் ஆடிக்காற்று காவிரிப் பாலத்தின் மீது பக்கவாட்டில் அறையும்போது, முழு மூடி கொண்ட வண்டி ஒரு பாய்மரம் போல அதை வாங்கிக்கொள்ளும். எடை குறைந்த வண்டி என்றால் ஒரு முழம் விலகுவது இயல்பு. அந்த நேரத்தில் அகன்ற, உயர்ந்த கைப்பிடி கொண்ட வண்டியை நேர் செய்வது எளிது. குறுகிய, தாழ்ந்த கைப்பிடியில் கூடுதல் விசை தேவை. இந்தப் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1976இல் திறக்கப்பட்ட பாலம், விரிவு இணைப்புகள் பழுதுபட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் முதுகெலும்பைச் சோதிக்கும் நிலைக்கு வந்தது. சீரமைப்புக்காக 2022 இறுதியில் இருசக்கர வாகனங்களுக்கும் மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த மாதங்களில் ஓயாமரி வழியாகச் சுற்றிச் சென்றவர்களுக்கு, நாள்தோறும் செல்லும் தொலைவில் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுவது உடலுக்கு என்ன செய்யும் என்பது தெரியும்.

இனி, பின்னிருக்கை. என் பார்வையில் இந்தத் தேர்வின் மையம் இதுதான். விளம்பரங்கள் பேசாத பகுதியும் இதுவே.

ஸ்போர்ட்ஸ் வண்டியின் பின்னிருக்கை, ஓட்டுநர் இருக்கையைவிட ஒரு படி உயர்ந்த, உள்ளங்கை அகலமேயான ஒரு திண்டு. அதில் இருபுறமும் காலிட்டு, முன்னால் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொண்டு அமர ஓர் இளைஞரால் முடியும். புடவை உடுத்தியவர் ஒருபக்கமாக அமர்ந்தால், பிடிப்பதற்குக் கைப்பிடி இராது. கால் வைப்பதற்கான இடம் உயரத்தில் இருக்கும். பிரேக் போடும்போது முழு எடையும் ஓட்டுநரின் முதுகில் சரியும். ஏற்கெனவே மணிக்கட்டில் தாங்கிக்கொண்டிருப்பவர் அந்த எடையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மடிசார் கட்டிய மூதாட்டிகள் மகனின் ஸ்கூட்டரில் ஒருபக்கமாக அமர்ந்து கோயிலுக்குச் செல்வதை ஸ்ரீரங்கத்தில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் வண்டியில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை.

சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்னால் அமர்பவருக்கென மூன்று ஏற்பாடுகளைக் கட்டாயமாக்குகிறது: பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு. நாம் சேலை கார்டு என்று அழைப்பது இந்த மூன்றாவதைத்தான். வண்டியை எடுத்து வந்த மறுநாளே மெக்கானிக்கிடம் கொடுத்து, 'அழகைக் கெடுக்கிறது' என்று அதைக் கழற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. திறந்த செயினும் கழற்றப்பட்ட கார்டும் சேர்ந்தால், புடவைத் தலைப்போ துப்பட்டாவோ சக்கரத்தில் சுற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

தயாரிப்பாளர்களும் இதை உணர்ந்தே இருக்கிறார்கள். 2008இல் வந்த ஆர் 15 வண்டிக்கு ஒரே நீண்ட இருக்கைதான் இருந்தது. 2011இல் வந்த இரண்டாம் பதிப்பில், பந்தயத் தோற்றத்துக்காக அதை இரண்டாகப் பிளந்து பின்பகுதியை உயர்த்தினார்கள். பிறகு 'ஆர் 15 எஸ்' என்ற பெயரில் பழைய ஒற்றை இருக்கையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். குடும்பம் உள்ளவர்களும் இந்த வண்டியை விரும்புகிறார்கள், ஆனால் பின்னிருக்கை இடிக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டதன் அடையாளம் இது.

செலவைப் பொறுத்தவரை இரு வகைகளுக்கும் இடையே உள்ள கோட்டைவிட, 350 சி.சி. என்ற கோடு முக்கியமாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆனது. காப்பீட்டிலும் அதே கோடுதான். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 150 முதல் 350 சி.சி. வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். அதற்கு மேல் 2,804 ரூபாய். புதிய வண்டிக்கு ஐந்தாண்டுக் காப்பீட்டை ஒருசேரக் கட்ட வேண்டும் என்பதால் இது 7,365 ரூபாயாகவும் 15,117 ரூபாயாகவும் பெருகுகிறது. கீழே விழுந்தால் ஆகும் செலவு தனி. நிற்கும் வண்டி சரிந்தாலே முன்மூடியின் ஒரு பக்கம் கீறும் அல்லது உடையும். மூடியில்லாத வண்டியில் வளைந்த லீவரை மாற்றினால் போதும் என்ற விபத்துக்கு, இங்கே பல ஆயிரங்கள் ஆகலாம். நெரிசலான வாகன நிறுத்தத்தில் அடுத்தவர் வண்டியை எடுக்கும்போது நம்முடையது சாய்வது நமக்குப் புதிதல்ல.

ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு ஆதரவாக எதுவும் இல்லையா? இருக்கிறது. எடை குறைவு; ஆர் 15 ஏறத்தாழ 140 கிலோதான், தள்ளுவது எளிது. வளைவுகளில் அது தரும் துல்லியத்தை வேறெதுவும் தருவதில்லை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அதை ஓட்டியவர்கள் அதன் அருமையைச் சொல்வார்கள். கே.கே. நகரிலோ விமான நிலையப் பகுதியிலோ குடியிருந்து, ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் செல்பவர், தனியாகச் செல்பவர், இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர் என்றால் மணிக்கட்டு வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஓட்டக் கற்பதற்கும் வேகத்தின் ஆசையைத் தணிப்பதற்கும் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையின் கரி களத்திலும் முறையான பந்தயத் தளங்கள் இருக்கின்றன. ஆசை உள்ளவர் அங்கே செல்வதை நான் பரிந்துரைப்பேன். பிரிட்டனில் 17 வயதில் 125 சி.சி. வரை, 19 வயதில் 35 கிலோவாட் வரை என்று உரிமத்தையே படிப்படியாகத் தருகிறார்கள். இங்கே 18 வயது நிரம்பி கியர் வண்டிக்கான உரிமம் பெற்றவர், மறுநாளே எந்த ஆற்றல் கொண்ட வண்டியிலும் ஏறலாம். சட்டம் போடாத படியைக் குடும்பம்தான் போட வேண்டியிருக்கிறது.

என் தீர்ப்பு டூரர் பக்கமே. ஆனால் சிறிய டூரர்: 150 முதல் 250 சி.சி. வரை, எடை 165 கிலோவுக்குள், உயர்ந்த கைப்பிடி, ஒற்றை இருக்கை அல்லது அகன்ற பின்னிருக்கை, கைப்பிடிக் கம்பி, சேலை கார்டு. 'ஸ்போர்ட் டூரர்' என்ற பெயரை நம்பி வாங்கக் கூடாது. பெயரை ஒட்டுவது விற்பனைத் துறையின் வேலை. சுசூகி ஜிக்ஸர் எஸ்.எஃப். 250, பஜாஜ் பல்சர் எஃப் 250, ஹீரோ கரிஷ்மா எக்ஸ்.எம்.ஆர். போன்றவை பந்தய முகமும் ஓரளவு நிமிர்ந்த அமர்வும் கொண்ட இடைப்பட்ட வண்டிகள். அவற்றிலும் பின்னிருக்கையை உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விற்பனையகத்தின் வாசலிலிருந்து அடுத்த சிக்னல் வரை ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி, அலுவலக நேரத்தில், வழக்கமான வழியில், சாப்பாட்டுப் பையுடன் முழுத் தொலைவும் சென்று திரும்ப வேண்டும். திரும்பியவுடன் ஒரு பேனாவை எடுத்து நான்கு வரி எழுதிப் பாருங்கள். விரல்கள் உண்மையைச் சொல்லும்.

அந்த இளைஞர் முன்பதிவைச் சற்றே தள்ளிப் போட்டிருக்கிறார். நண்பர்கள் இருவரிடம் இரண்டு வகை வண்டிகளையும் கேட்டிருக்கிறாராம். வரும் வெள்ளிக்கிழமை ஒன்று, அடுத்த வெள்ளிக்கிழமை மற்றொன்று. இரண்டு முறையும் பின்னிருக்கையில் அமர்ந்து திருவானைக்காவல் வரை செல்ல அவருடைய தாயார் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் வாரம் எந்த வண்டி என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.